இலை போட்ட தோட்டம்

கையில என்ன தம்பி, விதைப் பாக்கெட்டா? காட்டுங்க. வெண்டை, கத்தரி, புடலை... பலே. மாடியிலயா, தரையிலயா? தரையில. முதல் தடவையா? அப்ப இந்த பஸ்ல நீங்க என் பக்கத்துல வந்து உக்காந்தது உங்க நல்ல நேரம். திருத்துறைப்பூண்டி வரைக்கும் வர்றீங்கல்ல, போதும். கோட்டூர் தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன். ஒரு காய்கறித் தோட்டம் எப்படிப் போடணும்னு சொல்றேன். அதோட எனக்கு நடந்த அநியாயத்தையும் சொல்றேன். ரெண்டும் வேற வேற இல்ல. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் பேரு அமிர்தகடேசன். மன்னார்குடியில 'பந்தி அமிர்தம்'னு கேட்டா சின்னப் புள்ளையும் வீட்டைக் காட்டும். கரெண்ட் ஆபீஸ்ல வேலை பாத்தேன், அது சம்பளத்துக்கு. என் நெஜமான உத்தியோகம் பந்தி விசாரிக்கிறது. எங்க சொந்தத்துல கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில நான்தான் நிப்பேன். யார் எலையில எது காலி, எந்தப் பெருசுக்குக் கோவம் வரப்போகுது, சாம்பார் வாளி எந்த வரிசையில தங்கிப்போச்சு, எல்லாம் நின்ன எடத்துலேர்ந்தே சொல்லிடுவேன். உக்காந்து சாப்பிட்டதே கெடையாது. எல்லாரும் கைகழுவினப்புறம் அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டே ரெண்டு வாய், அவ்வளவுதான் நம்ம சாப்பாடு.

போன ஆனி மாசம் என் சகலை பக்கிரிசாமி வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரி செங்கமலத்தோட தங்கச்சி மங்கையர்க்கரசியக் கட்டினவன். அவன் புள்ள இளமாறனுக்குத் தை மாசம் கல்யாணம். காப்பியக் குடிச்சுக்கிட்டே சொல்றான்: "அண்ணே, இந்தத் தடவை பந்திய கேட்டரிங் ஆளுங்களே பாத்துக்குவாங்க. தலையில தொப்பி, கையில உறை, எல்லாம் யூனிஃபார்ம். நீங்க முதல் பந்தியில ஜம்முனு உக்காந்து சாப்பிடுங்க."

உக்காந்து சாப்பிடுங்கங்கறான் தம்பி! என்னைய! நாலு அடி அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். "தொப்பி போட்டவனுக்கு எலையப் பத்தி என்னடா தெரியும்?"னு கேட்டேன். "காய் எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா அவனுக்கு?" அதுக்கு அவன் சிரிக்கிறான். "உங்களுக்கு மட்டும் என்னண்ணே தெரியும்? எல்லாருக்கும் மார்க்கெட்லேர்ந்துதான் வருது."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை விருந்து எங்க வீட்லதான். அன்னிக்கு எலையில விழுற ஒவ்வொரு காயும் என் கொல்லையில வெளஞ்சதா இருக்கும். ஒரு காய், ஒரே ஒரு காய் கடையில வாங்கினதா இருந்தாலும், உன் புள்ள கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்து தின்னுட்டுப் போறேன். இல்லேன்னா கேட்டரிங்காரனைத் தொப்பியோட அனுப்பிடு"ன்னேன்.

"சரிண்ணே, கடைக் காய் இல்லாம அது நடந்துச்சுன்னா பந்தி உங்க வீட்டுக்குத்தான்"னு சொல்லிட்டுப் போனான்.

செங்கமலம் அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தா. "ஏங்க, நம்ம கொல்லையில கருவேப்பிலை வச்சே பொழைக்கலியேங்க." பாத்தீங்களா? நல்ல காரியம் ஆரம்பிக்கையில இப்படித்தான் சொல்லுவா.

இப்ப தோட்டத்துக்கு வாங்க. எங்க ஊரு மண்ணு களிமண்ணு. வெட்டினா மம்பட்டி திரும்பி வராது, அப்படிப் புடிச்சுக்கும். செங்கமலம் என்ன செஞ்சா, என்னையக் கேக்காம ஒரு வண்டி மக்கின சாணி எருவும், அரை வண்டி மணலும் எறக்கிட்டா. மண்ணுல கலந்து கொத்திவிட்டாத்தான் பொலபொலன்னு ஆவுமாம். பக்கத்து வீட்டுத் தையல்நாயகி டீச்சர் சொன்னாங்களாம். டீச்சர் ரிட்டையர் ஆனவங்க, அவங்க கொல்லையில ஒரு பழைய எலுமிச்சை மரம்தான் நின்னுச்சு, அவங்களும் அந்த ஆடியிலதான் தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. நான் கேட்டேன்: "ஏன்டி, நாளைக்கு மாப்பிள்ளைக்கு எலை போடப்போற எடத்துல சாணியவா கொட்டுவ?" கூடைய எடுத்தா அவ. எருவும் மணலும் செவுத்துக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுக்குப் போயிடுச்சு. இலவசமாத்தான். நாம பெருந்தன்மையான ஆளு.

அடுத்தது புழு. இதக் கவனமாக் கேளுங்க, இத யாரும் சொல்லித் தரமாட்டாங்க. மழை பேஞ்சு மண்ணு எளகினதும் பாத்தா, வெட்டுற எடமெல்லாம் மண்புழு. நெளியுது! எலையில ஒரு புழு கெடந்தா அந்தப் பந்தி என்னாவும்? மானம் போயிடும். நான் தெனம் காலையில கொட்டாங்குச்சிய எடுத்துக்கிட்டு உக்காந்துடுவேன். ஒரு புழு விடமாட்டேன். பொறுக்கிப் பொறுக்கிச் செவுத்துக்கு மேல டீச்சர் பக்கம் கொட்டிடுவேன். முதல்ல கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு, அடுத்த வீட்டுல குப்பையக் கொட்டுறமேன்னு. ஆனா டீச்சர் செவுத்தோரம் வந்து நின்னு, "ரொம்ப நன்றி சார், நாளைக்கும் போடுங்க"ன்னாங்க. பாவம், தனியா இருக்குறவங்க, அருவருப்பெல்லாம் விட்டுப்போச்சு போல.

அப்புறம் மண்ண மட்டம் பண்ணேன். வரப்பு, பாத்தி, மேடு, பள்ளம் ஒண்ணும் கூடாது. எலை எப்படி இருக்கும்? வழுவழுன்னு இருக்கும்ல? நாத்தங்காலுக்கு ஓட்டுற பலகைய எரவல் வாங்கிட்டு வந்து இழைச்சேன் பாருங்க, முகம் பாக்கலாம். கடைசியா ஒரு சொம்புத் தண்ணி தெளிச்சு, கையால தொடச்சும் விட்டேன்.

இனிமேத்தான் என் மூளையே இருக்கு. எந்தச் செடிய எந்தச் செடி பக்கத்துல வைக்கிறது? இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. அந்த டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? கொடியெல்லாம் வேலியோரம் ஒரு பக்கம், அதுக்கு மேல பந்தல். கெழங்கெல்லாம் ஒரு பக்கம். கீரையெல்லாம் கெணத்தடியில. ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க ஒரு வரிசைன்னு உக்கார வச்ச மாதிரி. சாப்பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நான் அப்படிப் பண்ணல. எலையில எது எங்க விழணுமோ, அது மண்ணுல அங்கதான் வளரணும். கொல்லை வாசப்படியில ஒரு நாற்காலியப் போட்டு, நான்தான் சாப்பிடுறவன்னு வச்சுக்கிட்டேன். எலை நுனி எடதுகைப் பக்கம். அந்த அளவுக்குக் கயிறு கட்டி எலை மாதிரியே வளைச்சு எடுத்தேன்.

மேல எடது மூலையில முதல்ல என்ன விழும்? உப்பு. ஆமா தம்பி, உப்புதான் போட்டேன். ஒரு படி கல் உப்பு. ஏன் சிரிக்கிறீங்க? தென்னம்புள்ளைக்கு உப்பு வைக்கிறாங்களா இல்லியா? அப்புறம்? அதுக்குப் பக்கத்துல ஊறுகாய்க்கு எலுமிச்சைக் கன்னு, மொளகா. அடுத்தது பச்சடிக்கு வெள்ளரி. அதுக்கடுத்துக் கூட்டு, அங்க புடலையும் பூசணியும். அப்புறம் பொரியல், வெண்டையும் அவரையும். வலது ஓரம் வறுவலுக்குச் சேனை. கீழ்ப்பக்கம் நட்டநடுவுல சோறு விழுற எடம், அங்க சாம்பாருக்குக் கத்தரி, சின்ன வெங்காயம், ஒரு முருங்கைக் கொம்பு. எப்படி? நாற்காலியில உக்காந்து பாத்தா எனக்கே கை நனைக்கணும்போல இருந்துச்சு.

செங்கமலம் வந்து பாத்துட்டு, "முருங்கை நடுவுல வளந்தா மத்ததுக்கு வெயில் விழாதேங்க. புடலைக்குப் பந்தல் வேணாமா?"ன்னா. நான் சொன்னேன், "பந்தல் சாப்பிடுற மனுசனுக்கு மேல போடுறது. எலைக்கு மேல எவனாவது போடுவானா?" முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டா. நேரா டீச்சர் வீட்டுக்குப் போயிட்டா. அதுலேர்ந்து சாயங்காலமானா அங்கதான். ஏதோ பேச்சுத்தொணைக்குப் போறான்னு நானும் விட்டுட்டேன். வர்றப்ப காலெல்லாம் சேறா இருக்கும். அந்த வீட்டுல கூட்டிப் பெருக்குறதே இல்ல போலன்னு நெனச்சுக்குவேன்.

வளந்துச்சான்னு கேக்குறீங்க. அவசரப்படாதீங்க. வெள்ளரி உப்பு பக்கத்துலயே பயந்து பயந்து நின்னுச்சு, அப்புறம் காணாமப் போச்சு. சில விருந்தாளிங்க அப்படித்தான், சொல்லாமக் கெளம்பிடுவாங்க. பூசணி இருக்கே, அதுக்கு ஒழுங்கே கெடையாது. கூட்டுல வச்சா, பொரியலுக்குள்ள பூந்து, வறுவல் வரைக்கும் கால நீட்டிப் படுத்துக்கிட்டு இருக்கு. நான் தெனம் கொடியத் தூக்கி அதோட எடத்துல வைப்பேன், "அவங்கவங்க எடத்துல இரு"ன்னு. தெனமும் புடுங்கி எடம் மாத்தினா பூ கொட்டிடுமாம். கொட்டட்டும். ஒழுங்கு முக்கியமா, பூ முக்கியமா?

ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. மட்டமா இருந்த மண்ணுல தண்ணி நாலா பக்கமும் ஓடுது, எலையில ரசம் ஓடுற மாதிரி. ரசம் ஓடினா நாம என்ன செய்வோம்? சோத்தால அணை கட்டுவோம். நானும் கொட்டுற மழையில, கொடைய ஒரு கையில புடிச்சுக்கிட்டு, சேத்த வாரி வாரி நாலு பக்கமும் அணை கட்டினேன். ஒரு சொட்டு வெளிய போவல. கார்த்திகை பூராவும் உள்ளயே நின்னுச்சு. தவளைங்க ரெண்டு மூணு வந்து குடியேறிடுச்சு. சின்ன வெங்காயம் என்ன ஆச்சுன்னு நான் சொல்லமாட்டேன், நீங்க இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.

மார்கழி முடியிறப்ப எனக்குப் பயம் வந்துடுச்சு. நெஜமாச் சொல்றேன். பொங்கல் கழிச்சு விருந்து. கொல்லையில ஒரு கத்தரிக்காய், வெறகு மாதிரி நாலு வெண்டைக்காய், கொஞ்சம் மொளகா. நாற்காலியில உக்காந்து அந்த ஒத்தக் கத்தரிக்காயவே பாத்துக்கிட்டு இருப்பேன். கல்யாண மண்டபத்துல எல்லாரும் நிக்கிறப்ப, நான் எலைக்கு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குற மாதிரி கண்ணுக்குள்ளயே வரும். செங்கமலம் பக்கத்துல வந்து நின்னா. "காய்க்குங்க. விடுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

காய்ச்சுச்சு தம்பி!

விருந்தன்னிக்கு நான் எந்திரிச்சு வர்றேன், அடுப்படியில கூடை கூடையாக் காய். பிஞ்சுக் கத்தரிக்காய், பளபளன்னு. புடலங்காய் ஒவ்வொண்ணும் கை நீளம். சேனை என் தலை அளவு. வெள்ளரிகூட வந்திருந்துச்சு, செத்துப்போச்சுன்னு நெனச்சேனே அந்த வெள்ளரி! "எப்ப பறிச்ச?"ன்னு கேட்டேன். "நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி"ன்னா. முதல் நாள் சாயங்காலம் ஒத்தக் கத்தரிக்காய். விடியிறதுக்குள்ள இத்தனை. எப்படின்னு கேக்குறீங்களா? மண்ணு. மண்ணத் தயார் பண்ண விதம். முழங்கால் ஒசரம் எலுமிச்சைக் கன்னு, ஒரு ஜாடி ஊறுகாய்க்குப் பழம் குடுத்திருக்குன்னா பாத்துக்குங்களேன். தையல்நாயகி டீச்சரும் தலைமுடியெல்லாம் எலையும் தழையுமா எங்க அடுப்படியிலதான் நின்னாங்க, ஒத்தாசைக்கு வந்தேன்னு. அவங்க முகத்துல என்ன சந்தோஷங்கறீங்க! அடுத்த வீட்டுல வெளஞ்சதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுறவங்கள நான் பாத்ததில்ல.

பந்தியில நான் நின்னேன். உப்புலேர்ந்து பாயசம் வரைக்கும் எல்லாம் அததுக்கு உண்டான எடத்துல. பக்கிரிசாமி கத்தரிக்காய மூணு தடவை கேட்டு வாங்கினான். "அண்ணே, இது கடைக் காய் இல்ல. ஒத்துக்குறேன்"னான். என் நெஞ்சு இந்த பஸ் அகலத்துக்கு விரிஞ்சு போச்சு. "வாடா, தோட்டத்தக் காட்டுறேன்"னு கெளம்பினேன். செங்கமலம் ஓடிவந்து கொல்லைக் கதவ மறிச்சு நின்னுட்டா. "காய் பறிச்ச செடிய விருந்தாளிக்குக் காட்டக் கூடாதுங்க, கண்ணு படும்." நல்லவேளை, அது எனக்குத் தோணல. இதுலெல்லாம் அவ கெட்டிக்காரி.

ஆனா மங்கையர்க்கரசி இருக்காளே, அக்காளுக்கு ஒத்தாசையா அடுப்படிக்குப் போனவ. கொஞ்ச நேரத்துல முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு வந்தா, கண்ணுல தண்ணியா ஊத்துது. "என்னம்மா?"ன்னு கேட்டேன். "மொளகா காரம் அத்தான்"ன்னா. புருசனக் கூட்டிக்கிட்டுப் போயி கெணத்தடியில நின்னு குசுகுசுன்னு பேசினா. அவனும் செவுத்துக்கு மேல எக்கி எக்கி எதையோ பாத்தான். அப்புறம் ரெண்டு பேருமா வந்து நிக்கிறாங்க.

இங்கதான் தம்பி அநியாயம். பக்கிரிசாமி சபையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றான்: "அண்ணன் ஜெயிச்சுட்டாரு. ஒரு காய்கூடக் கடையில வாங்கல, மங்கை விசாரிச்சுட்டா. கேட்டரிங் ஆளுங்க சமைச்சு வச்சுட்டுப் போகட்டும். பந்தி அண்ணன் வீட்டுக்குத்தான்." நான் துண்ட ஒதறித் தோள்ல போட்டேன். அவன் மேல சொல்றான்: "என் புள்ள கல்யாணத்துல பந்திய அண்ணிதான் விசாரிக்கணும்."

அண்ணி! செங்கமலம்!

"டேய், சவால் விட்டது நான்டா"ன்னேன். "வீட்டுக்குத்தானே அண்ணே தர்றேன்னு சொன்னேன். அண்ணி உங்க வீடுதானே?"ங்கறான். எல்லாரும் கை தட்டுறாங்க. டீச்சர்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டுறாங்க. அக்கா மேல தங்கச்சிக்குப் பாசம், பொண்டாட்டி பேச்ச இவன் தட்டமாட்டான், வேற என்ன காரணம் இருக்கமுடியும்? நான் எத்தனையோ யோசிச்சுப் பாத்துட்டேன். வேற காரணம் கெடைக்கல.

கல்யாணத்தன்னிக்கு நான் முதல் பந்தியில உக்காந்தேன். எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. உள்ளபடியே சொல்றேன், உங்ககிட்ட என்ன வெக்கம். உக்காந்த எடத்துலேர்ந்து பாத்தா பந்தியே வேற மாதிரி இருக்கு. வாளியோட அடிப்பாகம்தான் தெரியுது. அவ வர்றா. பட்டுச் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு. ஒழுங்காச் செஞ்சாளா? எங்க! வாயத் தொறந்து யாரையும் "போதுமா, வேணுமா"ன்னே கேக்கல. மொகத்தப் பாக்குறா, போடுறா. பல்லு இல்லாத பெரியவர் ஒருத்தரு ஓரமா உக்காந்திருந்தாரு, அவருக்கு வறுவல மசிச்சுக் கொண்டாந்து வைக்கிறா. சின்னப் புள்ளைங்களுக்கு எடுத்த எடுப்புல அப்பளம்! எந்த ஊர் முறை இது? எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என் எலைகிட்ட வந்து நின்னா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். கத்தரிக்காயில காம்போட இருக்குறதா ரெண்ட எடுத்து வச்சுட்டு, கொழம்ப அது மேல மட்டும் விட்டுட்டுப் போனா. எனக்கு அப்படித்தான் புடிக்கும். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி. அண்டாவோரம் நின்னு திங்கிறவனுக்கு எது புடிக்கும்னு யாருக்குத் தெரியும்? அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. ரெண்டையும் சாப்பிட்டேன். கோவத்தோடதான் சாப்பிட்டேன்.

அதோட முடிஞ்சுச்சுன்னு நெனக்கிறீங்களா? முடியல. கல்யாணத்துக்கு வந்தவங்கள்லாம் அவளத்தான் கேக்குறாங்க இப்ப. "பந்திக்கு உங்க வீட்டம்மாவ அனுப்புங்க"ன்னு எனக்கே போன். இந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்ல? இந்த ஆடிக்கு எலைய இன்னும் பெருசாப் போடலாம்னு இருக்கேன், அதுக்கும், "நீங்க புழு மட்டும் பொறுக்குங்க, அது போதும், அதுதான் உங்களுக்கு நல்லா வருது"ங்கறா. டீச்சரும் அதையேதான் சொல்றாங்க. தெறமைய மதிக்கிறாங்கன்னு எடுத்துக்கிட்டேன்.

அடடே, பேச்சுல ஊரு வந்துடுச்சு. எறங்கணும் தம்பி. ஒரு காதுகுத்து. யார் வீட்டுதா? அவளக் கூப்பிட்டவங்க வீட்டுது. அதோ முன்னாடி, டிரைவருக்குப் பின் சீட்ல, மல்லியப்பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். சத்தமாப் பேசிட்டேனா? கேட்டிருக்காது. கேட்டிருக்குமோ? திரும்பிப் பாக்குறா. சிரிக்கிறா. கேட்டிருக்கு.

நான் எதுக்குப் போறேனா? என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க. நேத்து ராத்திரி சோறு போடுறப்ப அவளே சொன்னா: "நாளைக்கு நீங்களும் வாங்க. தண்ணி டம்ளர் வைக்க ஆள் இல்ல." யோசிக்கவே இல்ல நான். உடனே வேட்டிய இஸ்திரி போட்டுட்டேன். டம்ளர்னா சும்மா நெனச்சுக்காதீங்க. வலதுகை எச்சில், அதனால எடது பக்கம்தான் வைக்கணும். எலை நுனியிலேர்ந்து ஒரு சாண் தள்ளி, முக்கால் டம்ளர். இது அங்க ஒருத்தனுக்குத் தெரியாது. விடுங்க தம்பி, வழிய விடுங்க, முதல் பந்திக்கு நேரமாச்சு. நின்னுக்கிட்டே இருக்கணும்ல.